குழாயடிக் கல்

எங்கள் அமைப்புக்கு உறைநில இளையோர் வலையம் என்று பெயர். கோடையிலும் உருகாத நிலத்தை ஆராய்கிறவர்கள், இன்னும் நிரந்தர வேலை கிடைக்காதவர்கள், ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. வலையம் என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் நாளடைவில் 'வலை' என்று ஆகிவிட்டது. பொருத்தமான பெயர்தான். நாங்களே பின்னி நாங்களே மாட்டிக்கொண்டது.

இந்த வலையில் டாக்டர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் வரைதான் நீங்கள் இளையவர். அதற்குள் தலை முழுக்க நரைத்திருந்தாலும் இளையவர்தான். ஐந்து முடிந்த மறுநாள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாவிட்டாலும் கிழவர். அதற்குள் நிரந்தர வேலை ஒன்று கிடைத்துவிட்டால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான். முக்கால்வாசிப் பேர் வேறு பிழைப்பைத்தான் பார்க்கிறார்கள்.

நான் யோருன். நோர்வேக் கிளைக்குத் தலைவி. தலைவி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். யாரும் கை தூக்காத கூட்டத்தில் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கியவள், அவ்வளவுதான். நோர்வேக்கு வடக்கே, துருவத்தை ஒட்டிய லாங்யர்பியனில் இருக்கிறேன். எங்களில் பாதிப் பேர் என்றைக்காவது ஒருநாள் இங்கே வந்து இருந்துவிட்டுப் போனவர்கள்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருகிறவர் நிலத்தில் துளை போடுகிறார், குழாய் இறக்குகிறார், வெப்பம் அளக்கும் கம்பியை உள்ளே விடுகிறார். ஒப்பந்தம் முடிகிறது, ஆள் போய்விடுகிறார். குழி மட்டும் அனாதையாக நிற்கும். வருடா வருடம் யாராவது போய்ப் பார்க்காவிட்டால் எல்லாம் வீண். அதனால் வலையில் ஒருவர் அந்தக் குழிக்கு ஞானத்தாயோ ஞானத்தந்தையோ ஆவார். சம்பளம் கிடையாது, பாசம்தான். பொறுப்பேற்கும்போது குழாயடியில் ஒரு கல் வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். உடனே எல்லா நாட்டிலிருந்தும் இதயச் சின்னமாக வந்து கொட்டும். யார் ஆரம்பித்த வழக்கம் என்று தெரியவில்லை. தெரிந்தால் நல்லதாக நாலு வார்த்தை கேட்பேன்.

உர்சினா சுவிட்சர்லாந்து மலைக்காரி. வாயாடி. என்னை அவள் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. நான் நோர்வேயின் சுன்மோர்ப் பக்கத்துக்காரி என்பதால் கஞ்சத்தனம் ரத்தத்திலேயே ஊறியது என்பாள். காப்பிப் பொடியை இரண்டாம் தடவை வடிகட்டுகிறேனா என்று எட்டிப் பார்ப்பாள். அவள்தான் பட்டத்துக்குப் படிக்கும்போது பக்கத்துப் பள்ளத்தாக்கில் மூன்று மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி போட்டாள். அப்புறம் ஜெர்மனியில் கொஞ்ச காலம், கனடாவில் கொஞ்ச காலம், பின்லாந்தில் கொஞ்ச காலம் என்று ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பெட்டி தூக்கிவிட்டு மறுபடி இங்கேயே வந்து சேர்ந்தாள். அத்தனை வருடமும் அவள் குழியை ஞானத்தாய்களும் ஞானத்தந்தைகளும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கையெல்லாம் சேர்த்து அவள் ஒரு கட்டுரை எழுதினாள். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு மீட்டர் ஆழத்திலும் நிலம் உருகிவிட்டது என்று.

அது பெரிய சேதியாகிவிட்டது. செய்தித்தாள்காரர்கள் வந்தார்கள். ஒரு அமைச்சர் புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து குழாய் பக்கத்தில் நின்று கவலையாகப் படம் எடுத்துக்கொண்டார். ஓஸ்லோவிலிருந்து பணம் வந்தது. இந்த நிலத்தைக் கண்காணிக்க, எங்கள் நிறுவனத்திலேயே, ஒரு நிரந்தரப் பதவி. எங்கள் துறையில் நிரந்தரப் பதவி வருவது வால் நட்சத்திரம் வருகிற மாதிரி. கடைசிச் சுற்றுக்கு மூன்று பேரை எடுத்தார்கள். உர்சினா, பின்லாந்துக்காரன் வெய்க்கோ, அப்புறம் டென்மார்க்கிலிருந்து ஒருவர். டென்மார்க்காரரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் விண்ணப்பமே போடவில்லை. அது உர்சினாவுடைய வேலை. அவள் குழியால் வந்த வேலை. அவளுக்கு அந்த இலையுதிர் காலத்தோடு ஐந்து வருடமும் முடிகிறது, ஒப்பந்தமும் முடிகிறது. இந்த ஊரில் வேலை போனால் வீடும் போகும், வீடுகளெல்லாம் வேலை கொடுக்கிறவர்களுடையது.

"இனிமே நான் பெட்டி கட்டினேன்னா, அது இந்தத் தொழில விட்டுப் போறதுக்குத்தாண்டி. இன்னொரு ஊரு, இன்னொரு சாவி, இன்னொரு பாஸ்வேர்டு... என்னால ஆகாது," என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். கப்பலில் வந்து சேரும்படி ஒரு பெரிய சாப்பாட்டு மேசைக்கு ஆர்டர் கொடுத்திருந்தாள். வாழ்க்கையில் அவள் வாங்கிய முதல் மேசை.

அந்த வருடம் குழிக்கு ஞானத்தாய் நான். பொறுப்பேற்றபோதே கல் வைத்துப் படமும் போட்டிருந்தேன். நிலம் ஆழமாக உருகியிருப்பது ஆகஸ்ட் கடைசியில்தான். அளவெடுக்கப் போவதும் அப்போதுதான். உர்சினா தன் குழியைப் பார்ப்பதெல்லாம் வசந்தத்தில், பனிச்சறுக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போய், பாட்டரி மாற்ற, குழாயடி பனிக்குள் மூடிக் கிடக்கும்போது. கோடைப் பயணம் ஞானத்தாய் வேலை. பனிக்கரடிக் காவலுக்குத் துப்பாக்கியோடு வெய்க்கோ வந்தான். அவனும் போட்டியில் இருக்கிறவன்தான். ஆனாலும் உர்சினாவுக்காக வந்தான், எங்களில் அதெல்லாம் சகஜம். அவள் பெயருக்குக் கரடிக்குட்டி என்று அர்த்தமாம். வழி நெடுக அதைச் சொல்லியே சிரித்தான்.

"கரடி போட்ட குழிக்குக் கரடிக் காவலுக்கு நான் போறேன். அப்புறம் கரடி என் வேலையையும் பிடுங்கிக்கும். என்ன பொழப்பு பாரு."

"உனக்குக் கெடைக்காதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"கெடைச்சா எனக்கே வெக்கமா இருக்கும். ஆனா வேணாம்னு சொல்ல மாட்டேன், அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்ல."

ஆற்றைக் கடக்கையில் பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது. குழியடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கடுகடுவென்று இருந்தது. கணினியில் பதிவை இறக்கினேன். குழாய் தரைக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்தேன். வருடா வருடம் அதை அளக்க வேண்டும், அதுதான் விதி. குழாய் நகர்ந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். போன வருடத்து அளவேதான். அதற்கு முந்தின வருடமும் அதேதான். எல்லா ஞானத்தாயும் 'மாற்றமில்லை' என்றே எழுதியிருந்தார்கள். நானும் எழுதினேன்.

ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் எடுத்துச் சாப்பிடலாம் என்று உட்கார இடம் பார்த்தேன். தரையெல்லாம் சொதசொத. குழாயைச் சுற்றி எங்கள் கற்கள் ஒரு சின்ன மேடாகக் கிடந்தன, இடுக்கெல்லாம் வண்டலும் பாசியும் அடைத்து. அதிலிருந்து ஒரு தட்டைக் கல்லைப் பிடித்து இழுத்தேன். மேடு ஒருபக்கமாகச் சரிந்தது. குழாயில் சிவப்பாக என்னவோ தெரிந்தது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. குழாய் இறக்கிய அன்று உர்சினா தரைமட்டத்தில் ஒரு சிவப்பு வளையம் பூசியிருந்தாள். முதல் படத்தில் அது நன்றாகத் தெரியும், மண்ணை ஒட்டி. வலையில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. மண்டியிட்டு மற்றக் கற்களையும் எடுத்துப் போட ஆரம்பித்தேன். எடுக்க எடுக்கக் கல்தான் வந்தது. கடைசியில் நிஜமான மண் வந்தபோது வளையம் எங்கேயோ மேலே நின்றது.

"வெய்க்கோ, இங்க வா."

"கரடியா?"

"கரடி வந்தாத் தேவல. வா இங்க."

வந்து பார்த்தான். குனிந்து முழங்கையை மண்ணில் ஊன்றிக் கையை நிமிர்த்திப் பார்த்தான். வளையம் அவன் விரல் நுனிக்கும் கொஞ்சம் மேலே இருந்தது. ஒரு முழம், அதற்கும் கொஞ்சம் கூட.

"தப்பான எடத்துல பூசியிருப்பா," என்றான்.

"முதல் போட்டோவ நீயும் பார்த்திருக்க."

அவன் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தான். சொல்ல என்ன இருக்கிறது? இலையுதிர் காலத்தில் மண் உறையும்போது வீங்கும். வீங்கும்போது குழாயைக் கவ்விப் பிடித்துத் தன்னோடு மேலே இழுக்கும். கோடையில் மண் இறங்கும், குழாய் இறங்காது, அடியில் சேறு புகுந்துவிடும். மறு வருடம் இன்னும் கொஞ்சம். இந்த ஊரில் ஒரு கொட்டகைக்குக் கால் நட்டவனுக்குக்கூட இது தெரியும். புதைத்ததெல்லாம் மேலே வரும் ஊர் இது. முதல் வருட மாணவர்களுக்கு நானே படம் வரைந்து நடத்துகிற பாடம் இது. குழாய் எழும், பிள்ளைகளே, அதனால் வருடா வருடம் அளக்க வேண்டும் என்று வாய் கிழியச் சொல்லுவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

குழாய் எழ எழ நாங்கள் அடியில் கல் வைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். பாசமாக. கல்மேட்டின் உச்சியைத் தரை என்று நினைத்து அதிலிருந்து அளந்திருக்கிறோம். குழாயும் எழுந்தது, கல்லும் எழுந்தது, மாற்றமில்லை என்று எழுதிவிட்டுப் படத்துக்குச் சிரித்தோம். உள்ளே கம்பி குழாயோடு பிணைந்திருப்பது, அதுவும் கூடவே எழுந்திருக்கிறது. இரண்டு மீட்டரில் இருப்பதாக நாங்கள் நினைத்த வெப்ப உணரி எப்போதோ ஒன்றரை மீட்டருக்கு வந்துவிட்டது. அந்த ஆழத்துக்குக் கோடைச் சூடு வரத்தான் செய்யும். முன்னைவிட இப்போது அதிகமாகவே வருகிறது, அது உண்மை. உருகுகிறது. ஆனால் நாங்கள் சொன்ன ஆழத்தில் இல்லை, சொன்ன வேகத்தில் இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது.

வெய்க்கோ துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் இதப் பார்க்கல," என்றான்.

"என்னது?"

"நான் கரடி வருதான்னு அந்தப் பக்கம் பார்த்துட்டிருந்தேன். குழாயப் பார்க்கல. யோசிச்சுப் பாரு யோருன். நான் போய் இதச் சொன்னா ஊரு என்ன சொல்லும்? வேலைக்காகக் கூட்டாளி கால வாரிட்டான்னு சொல்லும். என் வாய்லேருந்து வராது."

"அப்போ நான் சொல்றேன்."

"சொல்லு. வேணாம்னு சொல்லல. ஒரு வாரம் கழிச்சுச் சொல்லு. வெள்ளிக்கிழமை அந்தப் பதவிக்கு அவ பேச்சு. வேலை கைக்கு வரட்டும். அப்புறம் அவளே வந்து அளந்து, அவளே திருத்தி எழுதட்டும். குழி எங்கயும் ஓடிப் போயிடாது."

"தெரிஞ்சே அவள மேடைல பொய் சொல்ல விடணுமா?"

"ஒரு வாரம்னுதான் சொல்றேன், அம்மா தாயே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. என் சுபாவமே அப்படி, கோணலாக ஒரு படம் தொங்கினால்கூடச் சரிசெய்யாமல் உட்கார மாட்டேன். அதைவிட, நான் ஒன்றை முழுசாக நம்பினேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் மதிப்பார்கள் என்று நம்பினேன். அறிவியல் என்றால் அதுதானே, வேறென்ன? படம் எடுத்துக்கொண்டேன்.

உர்சினா வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனபோது அவள் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். மேசைமேல் வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கான தாள்கள் பரப்பியிருந்தன. என் முகத்தைப் பார்த்ததும், "என்னடி, காப்பிப் பொடி விலை ஏறிடுச்சா?" என்றாள்.

படத்தைக் காட்டினேன். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. போனைக் கையில் வாங்கினாள், பெரிதாக்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"எவ்வளவு?"

"ஒரு முழம். கொஞ்சம் கூடவே இருக்கும்."

"கல்லு வெச்சே கொன்னுட்டீங்களேடி என்னை," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீயும் வெச்சியா?"

"வெச்சேன். இதயம் மாதிரி ஒண்ணு தேடிப் பிடிச்சு வெச்சேன்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எங்கேயோ போய்விட்டது.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"வெய்க்கோவும் அதைத்தான் சொன்னான்."

"வெய்க்கோ சொன்னானா? அவனுக்குத் தோணினது உனக்குத் தோணலையா?"

"உர்சினா, நீ மேடைல ஏறி ரெண்டு மீட்டர்னு சொல்லுவ, நான் கீழ உக்காந்து கை தட்டணுமா? நாளைக்கு வெளிய தெரிஞ்சா உன் பேரு என்ன ஆகும்? நீ சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். பதிவோட இந்தப் படத்தையும் சேர்த்துத்தானே ஏத்தணும்."

"நீ என் கூட்டாளியா, போலீஸா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "நீயே சொன்னா உன்ன யாரும் கொற சொல்ல முடியாது. உன் தப்பே இல்ல இது. இதக் கண்டுபிடிச்சுத் திருத்தினவங்கற பேருதான் வரும். இதுக்காகவே வேலைய உனக்குக் குடுப்பாங்க பாரு."

"அப்படியா சொல்ற?"

"சத்தியமா."

அவள் என்னை நம்பினாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை. தாள்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்தாள். வாஃபிளை நான் மட்டும் சாப்பிட்டேன். அவள்தான் சாப்பிடச் சொன்னாள்.

பதவிக்கான பேச்சு எல்லோரும் வந்து கேட்கலாம். வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பிவிட்டது. உர்சினா முதல் படமாகவே கல் எடுத்த குழாயைப் போட்டாள். "இது என் குழாய். இத்தனை வருஷமா நான் உங்களுக்குச் சொன்னதுல ஒரு முழம் தப்பு இருக்கு," என்று ஆரம்பித்தாள். எப்படித் தப்பு நடந்தது, திருத்தினால் என்ன வருகிறது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். உருகுவது உண்மை, அளவுதான் வேறு என்று அழுத்திச் சொன்னாள். இன்னும் நாலு குழி போட வேண்டும், கல் வைக்காமல், என்றபோது சிலர் சிரித்தார்கள். அவ்வளவு அழகாக அவள் பேசி நான் கேட்டதில்லை. முடித்ததும் எங்கள் துறைத் தலைவர் ஸ்டைநார் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, "இதுதான் அறிவியல்," என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த வெய்க்கோவை இடித்து, பார்த்தாயா என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். குழுவில் அன்றைக்கு இதயமழை.

அடுத்த வாரக் கடைசியில் காப்பி இயந்திரத்தடியில் ஸ்டைநார் என்னை நிறுத்தினார். வயதானவர், நல்ல மனிதர்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வலையும் கிடையாது, வடிகட்டலும் கிடையாது. கை குலுக்கினார்கள், நாற்காலி கொடுத்தார்கள்.

"ஓஸ்லோலேருந்து பேசினாங்க. பதவிய நிறுத்தி வெச்சிருக்காங்க யோருன்."

"நிறுத்தி வெச்சிருக்காங்கன்னா?"

"ரத்து."

"யாருக்குமே இல்லையா?"

"யாருக்குமே இல்ல."

"உருகுதே ஸ்டைநார். ஒன்றரை மீட்டர்ல உருகுதே, அது நல்ல சேதியா? முன்னாடியெல்லாம் இவ்வளவு ஆழம் உருகினதில்லையே. நீங்க சொல்லலையா அவங்ககிட்ட?"

"சொன்னேன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவங்க கேக்கறது வேற. அவசரம்னு சொல்லித்தானே பணம் கேட்டீங்க, அந்த அவசரம் இப்ப ஒரு முழம் கொறஞ்சு போச்சேங்கறாங்க." கோப்பையை வெகுநேரம் கலக்கினார், சர்க்கரையே போடாமல். "நீங்க ரெண்டு பேரும் செஞ்சது சரிதான்மா. அதுல எனக்கு சந்தேகமே இல்ல."

"சரியா செஞ்சவங்களுக்கு என்ன குடுக்கறதா இருக்கீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் என்ன செய்வார்? முகம் சிவந்து, ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உர்சினாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் கதவைத் திறந்து, கேட்டு, "சரி," என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த மாத வலைக் கூட்டம் எப்போதும் போலத் திரையில் நடந்தது. உர்சினா விஷயம்தான் முதலில் வரும் என்று நினைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. கல் வைக்கிற வழக்கத்தை நிறுத்தலாமா என்று ஒருத்தி கேட்டாள். நிறுத்தக் கூடாது, அது நம் அடையாளம் என்றான் ஒருவன். குழாயிலிருந்து தள்ளி வைக்கலாம், வர்ணம் பூசி வைக்கலாம், படத்தை மட்டும் போடலாம் என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். குழாயடிச் சண்டை கெட்டது. கடைசியில் கல் பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள்.

"மத்தக் குழிங்களையும் கல்லை எடுத்துப் பார்க்கணும்ல?" என்று கேட்டேன்.

அப்போதுதான் திரையில் அத்தனை முகங்களும் அசையாமல் நின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு குழி இருக்கிறது. ஒவ்வொரு குழியடியிலும் கல் இருக்கிறது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் தீஸிஸ் மார்ச்சில் கொடுக்க வேண்டும் என்றாள் ஒரு பெண், கிட்டத்தட்ட அழுகிற குரலில். அடுத்த கோடையில் பார்க்கலாம் என்றான் இன்னொருவன். அடுத்த கோடையில் யார் எங்கே இருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனிமே சாண் என்ன முழம் என்ன," என்றான் வெய்க்கோ. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "யோருன். ஒரு வாரம் கேட்டேன் உன்கிட்ட. ஒரே ஒரு வாரம். அவளுக்கு வேலை கெடைச்சிருக்கும். கையெழுத்து போட்டப்புறம் ஓஸ்லோக்காரன் தலைகீழா நின்னாலும் எடுத்திருக்க முடியாது. அவ ஒருத்தி உள்ள இருந்திருந்தா நமக்கெல்லாம் ஒரு கதவு தெறந்திருக்கும். இப்ப யாருக்கு என்ன மிஞ்சிச்சு, சொல்லு."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நான் செய்ததிலும் பொய் ஒன்றுமில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் உர்சினா கிளம்பினாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வலையிலிருந்து நாலைந்து பேர் வழியனுப்ப வருவதாகச் சொல்லி, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு ஆய்வுக்கூடம் என்று கடைசியில் யாரும் வரவில்லை. தோற்றவர்களை வழியனுப்ப எங்களுக்குப் பிடிக்காது, அடுத்தது நாம்தான் என்று தெரியும். என் காரில்தான் போனோம். விமான நிலையத்துக்கு அதிக தூரமில்லை. கடலோரமாக, மதிய வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரம். பெரிய பெட்டி இரண்டு பின்னால் கிடந்தன.

"ஊர்ல என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"அண்ணன் ஸ்கி லிஃப்ட் வெச்சிருக்கான்ல, டிக்கெட் குடுக்க ஆள் வேணுமாம். குளிர் பழக்கமான ஆளு, கூலியும் கம்மி. அவனுக்கு அதிர்ஷ்டம்."

சிரிக்கட்டுமா வேண்டாமா என்று தெரியாமல் ஓட்டினேன்.

"உன் மேல கோவம் இல்லன்னு சொல்லணும்னு வீட்லேருந்தே நெனச்சுட்டு வந்தேன்," என்றாள். "வாய்ல வர மாட்டேங்குது."

"சொல்ல வேணாம். நான் கேக்கல."

"பொய்ய வெச்சு வேலை வாங்கியிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அது நெசம்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள். "ஆனா தூக்கம் வராம இங்க இருந்திருப்பேன் யோருன். நானே போய்க் கல்ல எடுத்திருப்பேன், நானே திருத்தியிருப்பேன். புதுசா நாலு குழி போட்டிருப்பேன். இப்ப தப்பையும் திருத்தியாச்சு, பார்க்கறதுக்கு ஆளும் இல்ல. அந்த நெலம் எவ்வளவு உருகுதுன்னு இனிமே யாருக்குடி தெரியும்?"

விமான நிலைய வாசலில் காரை நிறுத்தினேன். ஏதாவது ஒன்றை அவளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் போல இருந்தது, வெறுங்கையோடு விடக் கூடாது என்று இருந்தது.

"நான் இருக்கேன்ல. ஞானத்தாய் நான்தானே. நான் பார்த்துக்கறேன் உன் குழிய. வருஷா வருஷம் போறேன். ஒரு கல்லு வைக்க விட மாட்டேன்."

உர்சினா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது கோபம் கொஞ்சமும் இல்லை. பாவம் என்று நினைக்கிற பார்வை.

"உன் ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"ஜூன்ல," என்றேன்.

"அளவு எடுக்கறது ஆகஸ்ட்ல," என்றாள்.

இறங்கி, பின்கதவைத் திறந்து, இரண்டு பெட்டிகளையும் அவளே இறக்கினாள். நான் உதவிக்கு இறங்குவதற்குள் உள்ளே போய்விட்டாள்.